கர்க்கடகம் ஒன்றாம் தேதி பால் காய்ச்சிய வீடு

என் பெண்டாட்டி மங்கலம் வீட்டுத் தரகு பார்க்கிறவள். நெய்யாற்றின்கரையில் வீடு வாங்குகிற, விற்கிற எவனுக்கும் அவளைத் தெரியும். அவள் உடம்பிலிருக்கும் தழும்புகளுக்கெல்லாம் விலாசம் உண்டு. இடது புருவத்தின் மேல் இருப்பது அமரவிளையில் அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீடு. தம்பி அண்ணனைப் பார்த்து எறிந்த ஓடு குறி தப்பி இவளுக்குப் பட்டது. கணுக்காலில் இருப்பது பெரும்பழுதூரில் ஒரு வாத்தியார் வீட்டு நாய். வாத்தியார் வேண்டுமென்றேதான் அவிழ்த்துவிட்டார், எந்தச் சாமி முன்னாலும் நான் சொல்வேன். வலது முழங்கைக்குக் கீழே நீளமாக ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் பூதப்பாண்டிப் பக்கத்துக்காரர்கள். கல்யாணமான புதிதில் நான் பாலராமபுரத்தில் பாத்திரக்கடை வைத்தேன். கடை நொடித்தது. எப்படி நொடித்தது என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும், கேட்க வேண்டாம். நான் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாளில் மங்கலம் ரயிலுக்கு ஒரு சீசன் டிக்கெட் எடுத்தாள். வேலைக்குப் போகிறவர்கள்தானே சீசன் எடுப்பார்கள், இவளுக்கு எதற்கு என்று நான் கேட்டேன். காலையில் நாகர்கோவிலிலிருந்து வரும் பாசஞ்சரில் ஏறி, பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து, திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி ஒரு சாயா குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பி வருவாள். அந்தப் பெட்டிதான் அவளுடைய ஆபீஸ். ஒரு வீடு விலைக்கு வரப்போவது ஆண்களுக்குத் தரகனைத் தேடும்போதுதான் தெரியும். அந்தப் பெட்டியில் இருக்கும் பெண்களுக்கு ஆறு மாதம் முன்னமே தெரிந்துவிடும். யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்குத் திருவனந்தபுரத்தில் வாடகை கட்டி முடியவில்லை, எல்லாம் அங்கே உண்டு.

வீடு காட்டும்போது அவளுக்கென்று ஒரு பாட்டு இருக்கிறது. "கிணத்துல கோடையிலயும் தண்ணி உண்டு, ஸ்டேஷன் நடக்கிற தூரந்தான், அக்கம்பக்கம் நல்ல ஆளுக." கிணறு வற்றியிருந்தாலும் கடைசி வரியை மட்டும் விடமாட்டாள். வாங்குகிறவர்கள் அதைக் கேட்டுத்தான் தலையாட்டுவார்கள் என்பாள்.

கிருஷ்ணவேணியை அவள் பார்த்ததும் அந்தப் பெட்டியில்தான். பழவங்காடியில் ஒரு துணிக்கடையில் பில் போடும் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல மேடமாதக் கோடை வெயிலில் கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். மங்கலம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், அந்தத் துணியை விரலால் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். கழுத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"ஆரு மக்களே?"

"ஆரா இருக்கும் அக்கா? வீட்டுக்காரருதான்."

வீட்டுக்காரன் என்று சொன்னாலும் வீடு அவனுடையது இல்லை. தோவாளையிலிருந்த அவள் அப்பா, கல்யாணத்துக்கு முன்பே அவள் பேரில் வாங்கிக் கொடுத்த வீடு அது. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஏழு சென்ட் நிலம், இரண்டு படுக்கையறை, கிழக்குப் பார்த்த வாசல். அவன் பெயர் ஹரிகுமார். விழிஞ்ஞம் துறைமுகத்தில் காண்டிராக்டில் டிரெய்லர் ஓட்டுகிறான். அவன் அடிப்பதற்குக் காரணம் ஒன்றும் தனியாக வேண்டாம். மீன் குழம்பில் புளி கூடினால் அடி, குறைந்தாலும் அடி. ஒரு தடவை அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இவன் தேடிப்போய் அண்ணன் கையை முறித்துவிட்டு அவளைக் கூட்டிவந்தான். போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தாள். கூப்பிட்டுக் கண்டித்தார்கள், அங்கே நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

"வீட்ட விட்டு எறங்கிப் போயிரேன்" என்று மங்கலம் சொன்னாள்.

"அவன் தெனமும் சொல்லுறது என்ன தெரியுமா அக்கா? இந்த வீட்ட விட்டு நீ பொணமாத்தான் போவேன்னு. நான் போயிட்டா எங்கப்பன் வாங்கின வீட்டுல அவன் காலு நீட்டிப் படுப்பான். நான் வாடகை வீட்டுல பயந்துகிட்டுக் கெடக்கணும். எனக்கு வீட்ட வித்துத் தாங்க. ரூவாயும் கொண்டு உயிரும் கொண்டு போணும்."

உயிரோடும் வீட்டின் விலையோடும் அந்த வாசலைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. மங்கலம் சரியென்றாள். வீட்டில் வந்து என்னிடமும் சொன்னாள்.

முதலில் கூட்டிப்போன ஆள் தனுவச்சபுரத்துக்காரர். ஹரிகுமார் வேலைக்குப் போயிருப்பான் என்று நினைத்துப் போனார்கள். அவன் முற்றத்தில் உட்கார்ந்து வெட்டுகத்தியால் இளநீர் சீவிக்கொண்டிருந்தான். வந்தவரைச் சிரித்த முகமாக வரவேற்று, ஒரு இளநீரைச் சீவிக் கையில் கொடுத்து, அவர் வாய் வைத்துக் குடிக்கும்போது கத்தியைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோய், "சேட்டா, இந்த வீட்டுல ரெண்டு பேரு இருக்கோம். மூணாமத்தவன் வந்தா குழி நானே வெட்டிருவேன், கூலி வேண்டாம்" என்றான். அவர் இளநீரைக் கீழே வைத்துவிட்டு நடந்தார். அடுத்து வந்தவரைப் படியிலிருந்து தள்ளிவிட்டான், அவருக்கு இடுப்பு பிசகியது. மூன்றாவது ஆள் காரை விட்டே இறங்கவில்லை. கார்க் கண்ணாடியில் கல் விழுந்தது. ஊரில் அந்த வீட்டுக்குக் கெட்ட பேர் விழுந்துவிட்டது. மற்ற தரகர்கள் எல்லாம் அதைத் தொடமாட்டேன் என்றார்கள். ஆள் வந்துபோன ஒவ்வொரு நாள் சாயங்காலமும் கிருஷ்ணவேணிக்கு வேறு அடி.

ஒரு நாள் அவன் எங்கள் வீட்டுக்கே வந்தான். மங்கலம் வெளியே போயிருந்தாள். "லே, பூதலிங்கம், அவ எங்கல?" என்றான். என்னைவிட இருபது வயது இளைய பயல், லே என்கிறான். அவளைத் தேடி நீ ஏன் வருகிறாய் என்று நான் ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. முஷ்டி வாயில் விழுந்தது. கீழே விழுந்த என் கண்ணாடியைச் செருப்புக் காலால் மிதித்து, இரண்டு தடவை திருகினான். நான் துப்பியபோது முன்பல் ஒன்று தரையில் கிடந்தது.

மங்கலம் வந்து என் வாயை உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைத்தான் திட்டினேன். "இந்த எளவு வீட்ட விட்டுத்தொலை பிள்ளே. ஊருல வேற வீடே இல்லியா?"

"ஒரு பல்லுக்கே இப்படிக் கத்துறீங்களே அத்தான். அவ வாய்க்குள்ள எத்தன பல்லு மிச்சம் இருக்குன்னு நெனைக்கீங்க?"

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் முடியாது, வீங்கிவிட்டது.

தமிழுக்கு ஆனியான மிதுன மாதம் நடுவில் கல்யாணராமனும் பாகீரதியும் வந்தார்கள். திருவனந்தபுரம் கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்தில் வாடகைக்கு இருந்தவர்கள். அவர் தம்பானூரில் ஒரு ஆபீஸில் கணக்கு பார்க்கிறார். ரயிலில் போய் வரும் தூரத்தில் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று மாமிக்கு வெகு நாள் ஆசை. மங்கலம் அந்த அம்மாளிடம் ஒளிக்கவில்லை. "மாமி, வீட்டுக்கு ஒரு கொறையும் கெடயாது. உள்ள இருக்கவனுக்குத்தான்" என்று எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணராமன் எழுந்துவிட்டார். "ஏன்னா, செத்த உக்காருங்கோ" என்றாள் பாகீரதி. பிறகு கிருஷ்ணவேணியை ரயிலில் ஒரு நாள் பார்த்தாள். உதடு கிழிந்திருந்தது. அன்றே வீட்டை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ஒரே ஒரு நிபந்தனை. ஆடி பிறப்பதற்கு முன் பத்திரம் பதிந்து, அன்றைக்கே வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டும். ஆடியில் அவர்கள் குடிபோக மாட்டார்கள். ஆவணி வரை காத்திருந்தால் அந்த ஒரு மாதமும் ஹரிகுமார் உள்ளே இருப்பான், அவளை என்ன செய்வானோ தெரியாது.

விஷயம் எப்படியோ அவன் காதுக்கும் எட்டியது. மிதுனம் கடைசி வாரம் முழுக்க லீவு போட்டுவிட்டு, முன்பக்கத்துத் திண்டில் வெட்டுகத்தியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். கிருஷ்ணவேணியை வேலைக்கு விடவில்லை. குளியலறைக்குள்ளிருந்து அவள் மங்கலத்துக்குப் போன் பண்ணுவாள், தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு. அவனுக்கும் கணக்கு தெரியும். எங்கள் ஊரில் ஆடிக்குக் கர்க்கடகம் என்று பேர், அது பிறந்துவிட்டால் ஒருவனும் வீடு வாங்கவும் மாட்டான், குடிபோகவும் மாட்டான். மிதுனத்தைத் தாண்டிவிட்டால் சிங்ஙம், அதாவது ஆவணி, வரை அவனுக்குக் கவலையில்லை.

மிதுனம் முடியும் நாளில் மங்கலம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய மலையாளக் காலண்டர் முன்னால் நின்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு. பாகீரதி மாமிக்குப் போன் போட்டு, "மாமி, நடக்கல்ல. நாளைக்குக் கர்க்கடகம் ஒண்ணாச்சு" என்றாள்.

"என்னடி சொல்றே? நாளைக்கு ஆனி முப்பத்திரெண்டுன்னா? நாளன்னைக்குத்தான் ஆடி."

"இல்ல மாமி, நாளைக்குத்தான்."

"எங்காத்துப் பஞ்சாங்கத்தைக் கையில வெச்சுண்டு சொல்றேன். நாளைக்கு ஆனி."

மங்கலம் கொஞ்ச நேரம் ரெண்டு பேர் காலண்டரையும் வைத்துச் சண்டை பிடித்தாள். சில வருஷங்களில் மலையாள மாசமும் தமிழ் மாசமும் ஒரு நாள் முன்னே பின்னே பிறக்கும். நாங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்கள் தமிழ் பேசினாலும் நாள் பார்ப்பது மலையாளக் கொல்லம் ஆண்டுக் கணக்கில். கோட்டைத் தெரு மாமிகளுக்குத் தமிழ்ப் பஞ்சாங்கம். பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கண்ணைத் துடைத்தாள்.

"அத்தான், அந்தச் சவம் எந்தக் காலண்டர் பாப்பான்?"

"நம்ம காலண்டர்தான். அவன் அம்மைக்கு ஊரு பூதப்பாண்டி அல்லவா?"

அவள் சிரித்துவிட்டு, குளியலறையிலிருந்து கிருஷ்ணவேணியின் போன் வரட்டும் என்று உட்கார்ந்தாள்.

நடந்தது அவள் நினைத்தபடிதான். கர்க்கடகம் ஒன்று காலையில் ஹரிகுமார் குளித்து, காலண்டரில் தாளைக் கிழித்து, "இனி சிங்ஙம் வரைக்கும் ஒரு நாயும் வராது. உன் தரகு அக்கா வந்தா சொல்லு, ஓணத்துக்கு வரச் சொல்லி" என்று அவள் கன்னத்தில் தட்டிவிட்டு பைக்கில் விழிஞ்ஞத்துக்குக் கிளம்பினான். அவன் போன பின்னாலேயே நான் ஆட்டோவோடு போய் நின்றேன். பதிவு ஆபீஸில் கூட்டமே இல்லை, அன்றைக்கு யார் வருவார்கள்? வந்தது கையெழுத்துப் போட்ட கிருஷ்ணவேணி, வாங்கிய கல்யாணராமன் தம்பதி, நாங்கள் இருவர். மத்தியானத்துக்குள் வீடு கல்யாணராமனுடையது ஆகிவிட்டது. பணம் அவள் கணக்குக்குப் போய்விட்டது.

அங்கேயிருந்து நேராக வீட்டுக்கு. கிருஷ்ணவேணி தன் துணிகளைப் பெட்டியில் அடுக்க, பாகீரதி அடுப்பைத் துடைத்துக் கோலம் போட்டு, புதுப் பானையில் பாலை வைத்தாள். பக்கத்து வீட்டு வன்னியராஜ் மதில் மேல் தலையை நீட்டினார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஆள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில்தான்.

"எந்தா மங்கலம், பால்காச்சு ஆணோ? கர்க்கடகத்திலயா?"

"வீட்ட இவங்க வாங்கியாச்சு, இவங்களுக்கு ஆனி" என்று மங்கலம் சொல்லி வைத்தாள். அவர் தலையை இழுத்துக்கொண்டார். அப்புறம் போனை எடுத்து ஹரிகுமாரைக் கூப்பிட்டு, வீட்டை விற்றாச்சா, எங்களிடமெல்லாம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். நல்ல மனசோடு கேட்டாராம். பிறகு அவரே சொன்னது.

பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. பாகீரதி கும்பிட்டுக்கொண்டு கேஸை அணைக்கும்போது பைக் சத்தம் கேட்டது. நான் வாசலில் நின்றிருந்தேன். என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு அவன் உள்ளே போனான். திண்டின் அடியில் கிடந்த வெட்டுகத்தி போகிற போக்கில் அவன் கைக்கு வந்துவிட்டது. கல்யாணராமன் "யாரு நீங்க?" என்றார் பாவம். அவர் நெஞ்சில் ஒரு மிதி. நாற்காலியோடு விழுந்தார்.

பெட்டியோடு அறையிலிருந்து அடுப்புப் பக்கம் வந்த கிருஷ்ணவேணியின் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து, சுவரில் மோதினான். ஒரு தடவை, இன்னொரு தடவை. சுண்ணாம்பில் ரத்தம் ஒட்டியது. "பொணமாத்தான் போவேன்னு சொன்னேன்லா" என்றான். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. கத்தி மேலே போனது. மங்கலம் குறுக்கே புகுந்து கையைக் கொடுத்தாள். வளையல்கள் தெறித்தன. முழங்கைக்குக் கீழே சதை வாய் பிளந்து, ரத்தம் கோலத்தின் மேல் கொட்டியது. அவன் தலைமயிரை விட்டுவிட்டுக் கத்தியை மறுபடி ஓங்கினான்.

கிருஷ்ணவேணி அடுப்பிலிருந்து பானையைத் தூக்கினாள். துணி பிடிக்கவில்லை, வெறுங்கையால் தூக்கினாள். பொங்கி அடங்காத பால் முழுக்க அவன் முகத்திலும் கழுத்திலும் விழுந்தது. அவன் போட்ட அலறல் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். கத்தி விழுந்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு முட்டி மோதி வெளியே ஓடினான்.

அப்போதுதான் நான் அந்த வேடிக்கையைப் பார்த்தேன். மதிலைத் தாண்டி வன்னியராஜ் குதித்தார். எதிர்வீட்டு ஆட்கள் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். யார் யாரோ வந்தார்கள். "வேற ஆளுட வீட்டுல கேறி வெட்டுறியா? நல்ல தைரியந்தானே" என்று வன்னியராஜ் அவன் பிடரியில் ஓங்கி அடித்தார். ஒருவன் காலை வாரினான். முற்றத்தில் போட்டு மிதித்தார்கள். விலா எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. பிறகு கயிறு கொண்டுவந்து தென்னையில் கட்டி போலீசுக்குச் சொன்னார்கள். நானும் போய் ஒன்று வைத்தேன், என் பல்லுக்காக. நன்றாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

கிருஷ்ணவேணி பெட்டியோடு படி இறங்கினாள். நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கு வழியாக வழிந்துகொண்டிருந்தது. இரண்டு உள்ளங்கையும் வெந்து போயிருந்தன, பெட்டியை விரல் நுனியில் மாட்டியிருந்தாள். தென்னையில் கட்டியிருந்தவனைப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற வன்னியராஜ் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, பதினோரு வருஷமா என் சத்தம் ஒங்க வீட்டுக்குக் கேக்குமா?"

"கேக்கும் மோளே. எல்லாம் கேக்கும்" என்றார் அவர். "டிவிய கூட்டி வைப்போம். குடும்பக் காரியம் அல்லவா, நாங்க எப்படி உள்ள வாறது?"

"இன்னைக்கு வந்தீங்களே?"

"இன்னைக்கு இது அவங்க வீடு அல்லோ" என்று கல்யாணராமனைக் காட்டினார். அந்த ஆள் அதை ஒரு தப்பும் இல்லாத முகத்தோடுதான் சொன்னார். எனக்கு அந்த முகத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது. கிருஷ்ணவேணி வாயிலிருந்த ரத்தத்தை அவர் காலடியில் துப்பிவிட்டு கேட்டைத் தாண்டினாள்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மங்கலம் கையில் கல்யாணராமனின் அங்கவஸ்திரத்தைச் சுற்றியிருந்தோம், அது நனைந்து சொட்டியது. அவள் தோளில் கிருஷ்ணவேணி தலையைச் சாய்த்திருந்தாள். முன்னால் டிரைவரோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கல்யாணராமன் மிதி வாங்கிய நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார். எதையாவது நல்லதாகப் பேச வேண்டும் என்று தோன்றியிருக்கும் போல.

"பகவான் புண்ணியம், அக்கம்பக்கம் நல்ல மனுஷா. ஒரு சத்தம் கேட்டதும் ஓடி வந்துட்டா பாருங்கோ" என்று மங்கலத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் பாட்டில் உள்ள வரிதான் அது. வீடு காட்டிய எல்லாரிடமும் சொன்னது, இவரிடமும் சொன்னது. மங்கலம் கிருஷ்ணவேணியின் வெந்த கையைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லவில்லை.